கெமிக்கல் கம்பெனி வாடை: எதை அளந்தார்கள் என்று கேளுங்கள்

ராத்திரி இரண்டு மணிக்கு நெயில் பாலிஷ் வாடை வீசி தொண்டை எரிகிறது. புகார் கொடுக்கிறீர்கள். சில வாரம் கழித்து பட்டப்பகலில் மாசு கட்டுப்பாட்டு வாரியத்து ஆட்கள் வந்து, "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

அப்படி ஒரு அறிக்கையை ஒரு அம்மா என்னிடம் நீட்டினார். தூசி, சல்பர் டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு. அவ்வளவுதான். அவர் வீட்டில் எல்லோரையும் இருமவைத்த வாயுவை யாரும் அளக்கவே இல்லை. அப்புறம் எதை வைத்து வரம்புக்குள் என்று எழுதினார்கள்?

காற்று மாசைத் தடுக்க 1981-ம் ஆண்டு காற்றுச் சட்டம் இருக்கிறது. 2009-ல் அறிவித்த தேசிய காற்றுத் தர அளவுகளில் 12 மாசுகள்தான் உண்டு. பென்சீன், அமோனியா இருக்கின்றன. ஹைட்ரஜன் சல்பைடு, ஃபார்மால்டிஹைடு, டொலுவீன் இல்லை. அதனால் ஊர்க்காற்றை மட்டும் அளந்தால் போதாது. அந்தச் சட்டப்படி ஆலை இயங்க வாரியம் தரும் அனுமதியான இசைவாணையைப் பிடியுங்கள். எந்தப் புகைபோக்கி, என்ன வரம்பு என்ற நிபந்தனைகள் அதில்தான் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி இசைவாணை நகலையும், கடைசியாக எடுத்த புகைபோக்கி ஆய்வு முடிவுகளையும் சேர்த்தே கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள், சும்மா விடாதீர்கள்.

போனில் மட்டும் புகார் சொல்லாதீர்கள், பின்னால் காட்ட ஒன்றும் இருக்காது. கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் கொடுத்தாலும் அது சுற்றிச்சுற்றி அதே வாரிய அலுவலகத்துக்குத்தான் போகும். அதனால் வாரியத்தின் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளரிடம் நேரடியாகக் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். "நாற்றம் தாங்கவில்லை" என்று மொட்டையாக எழுதினால் ஓரமாக வைத்துவிடுவார்கள். ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, மணி, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, அழுகின முட்டையா பெயிண்ட் வாடையா, யாருக்கு என்ன செய்தது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்து ஊர்க்காரர்கள் இப்படித்தான் வாடையைக் குறித்துவைத்தார்கள். 2004-ல் வாளிக்குள் பை வைத்து காற்றையே பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்.

பெரிய கண்ணி காலக்கெடுவில் இருக்கிறது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக ஆறு மாதம்தான் அவகாசம். அது பிரச்சினை முதலில் தொடங்கிய நாளிலிருந்து ஓடுகிறது, வாரியம் பதில் போட்ட நாளிலிருந்து அல்ல. நஷ்டஈடு கேட்பதற்கு மட்டும் ஐந்து வருடம். "விசாரணையில் இருக்கிறது" என்ற கடிதத்தை நம்பிக் காத்திருந்து நாளைக் கோட்டைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நோட்டின் முதல் பக்கத்திலேயே அந்த ஆறாவது மாதத் தேதியை எழுதிவையுங்கள்.