டிபெண்டன்சி: தொங்குவதா, சார்வதா?

பிடிஎம் லேஅவுட்டில் என்னோடு அறையில் இருக்கும் ஊர்க்காரத் தம்பி, போன வாரம் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு மென்பொருளை நிறுவப் பார்த்தான். 'அன்மெட் டிபெண்டன்சீஸ்' என்று பிழை வந்தது. இறக்கிய கோப்புதான் பழுது என்று நினைத்து மூன்று முறை திரும்ப இறக்கினான். கோப்பில் ஒரு குறையும் இல்லை. அவனுடைய உபுண்டு 20.04 பதிப்பு, அதில் உள்ள லிப்சி (மற்ற மென்பொருள்கள் நம்பி ஓடும் அடிப்படை நிரலகம்) 2.31, இறக்கிய பொதியோ, அதாவது நிறுவுவதற்கான மென்பொருள் கோப்பு, 22.04-க்குக் கட்டியது, லிப்சி 2.34-க்குக் குறையாமல் கேட்டது.

அவனைக் குழப்பியது அந்தச் சொல். ஆபீஸ் காப்பீட்டுப் படிவத்தில் டிபெண்டன்ட் என்றால் நம்மை நம்பி இருக்கும் அப்பா அம்மா, அதே நினைப்பில் டிபெண்டன்சியும் இந்த மென்பொருளை நம்பி இருக்கிற ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொண்டான். நேர் எதிர். மென்பொருள் எதை நம்பி ஓடுகிறதோ அதுதான் டிபெண்டன்சி.

லத்தீனில் 'டே' என்றால் கீழே, 'பெண்டேரே' என்றால் தொங்குதல். கழுத்தில் போடும் பெண்டன்ட்டும் இதே வேர்தான். இங்கே பெங்களூரில் கன்னடக்காரர்கள் சொல்லும் 'அவலம்பனெ'யும் அப்படியே: வடமொழியில் 'அவ' கீழ், 'லம்ப' தொங்குதல். தமிழ் தொங்கவில்லை, சார்கிறது. சார்தல் என்றால் அடைதல், ஒட்டியிருத்தல். பள்ளியில் சார்பெழுத்து படித்தோமே, அதே சார்பு! 'நடு'வில் உகரம் முழுசாக ஒலிக்கும். 'நாடு' என்றதும் முன்னால் நெடில் வந்துவிடுவதால் அதே உகரம் குறுகிக் குற்றியலுகரம் ஆகிவிடும். தனியே நிற்காது, பக்கத்து எழுத்தைச் சார்ந்தே வரும்.

பலரும் டிபெண்டன்சிக்குச் 'சார்பு' என்றே எழுதுகிறார்கள். உறவைச் சொல்ல அது சரி. ஆனால் 'சார்புப் பொதி' என்று எழுதினால், சார்பெழுத்து மாதிரியே சார்ந்து நிற்பது என்று பொருள் திரும்பிவிடுகிறது, தம்பி விழுந்த அதே குழியில் இன்னொருவர் விழுவார். கணக்குப் பாடத்தில் வேறு சார்பு என்றால் ஃபங்ஷன். அதனால் நான் 'தாங்குபொதி' என்று எழுதுகிறேன். 'தாங்குபொதிகள் கிடைக்கவில்லை' என்று திரையில் வந்திருந்தால் அவன் கோப்பைச் சந்தேகப்பட்டிருக்கவே மாட்டான்.

அப்புறம், உபுண்டுவில் பொதிகளை நிறுவும் டிபிகேஜி என்ற கருவி கையில் கொடுத்த பொதியை மட்டும் வைக்கும், இல்லாததைப் போய் எடுத்து வராது. அதைச் செய்வது ஆப்ட் என்ற இன்னொரு கருவி. 20.04-க்கான பொதியைத் தேடி எடுத்து ஆப்ட்டிடம் கொடுத்தோம். மூன்று தாங்குபொதிகளைத் தானே இழுத்து வந்து நிறுவியது.