வேட்பாளரின் சொத்துக் கணக்கு: படிவம் 26-ஐ எப்படிப் படிப்பது?

சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போட்டியிடும் ஒவ்வொருவரும் வேட்புமனுவோடு ஒரு பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அதுதான் படிவம் 26. வேட்பாளரின் சொத்து, கடன், படிப்பு, குற்ற வழக்கு ஆகியவற்றைத் தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் வந்தது இது. அந்தத் தீர்ப்பை மட்டுப்படுத்த நாடாளுமன்றம் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. மற்ற நாட்களில் எதிரும் புதிருமாக நிற்கும் கட்சிகள் இதில் மட்டும் ஒன்றுசேர்ந்தன. 2003-ல் அந்தத் திருத்தப் பிரிவையும் நீதிமன்றம் ரத்து செய்தது.

வேட்பாளர், கணவர் அல்லது மனைவி, அவர்களைச் சார்ந்திருப்பவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்குக் காட்ட வேண்டும். கையிருப்பு, வங்கி டெபாசிட், பங்குகள், நகை, வண்டி ஒரு பக்கம். நிலம், வீடு, கடை இன்னொரு பக்கம். கடைசி ஐந்து வருட வருமான வரிக் கணக்கில் காட்டிய தொகை, வெளிநாட்டுச் சொத்து, அரசுக்கு வைத்திருக்கும் பாக்கி எல்லாம் உண்டு. வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும் என்று 2018-ல் ஒரு தீர்ப்பு வந்தது.

மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். நிலத்துக்கு வாங்கிய விலையும் இன்றைய மதிப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இன்றைய மதிப்பு அவரே போட்டது. முந்தைய தேர்தலில் அவர் தந்த பத்திரத்தையும் எடுத்து இதோடு வைத்துப் பாருங்கள். சொத்து பல மடங்காகி, வருமான வரிக் கணக்கு மட்டும் அப்படியே நின்றால், கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் இருக்கிறது.

பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும், தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையிலும் கிடைக்கும்.

சரி, அதில் எழுதியது உண்மையா என்று யார் சரிபார்க்கிறார்கள்? மனு பரிசீலனையில் யாரும் சரிபார்ப்பதில்லை. எதையும் நிரப்பாமல் காலியாக விட்டு, நினைவூட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று 2013-ல் தீர்ப்பு வந்தது. பொய்யாக நிரப்பினால் அந்த மேசையில் தடையில்லை. இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கருத்து. பொய்யென்று தெரிந்தவர் எதிர்ப் பிரமாணப் பத்திரம் தரலாம். அதையும் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும்.

தவறான தகவல் தந்தாலோ மறைத்தாலோ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் மறைத்த எல்லாமே வெற்றியைக் கவிழ்க்காது. அருணாசலப் பிரதேசத்தின் தேஸு தொகுதி வழக்கில், மதிப்பு பெரிதாக இல்லாத ஒவ்வொரு அசையும் பொருளையும் காட்டத் தேவையில்லை என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேனியில் 2019 மக்களவை வெற்றியைச் சொத்து மறைப்புக் காரணமாகச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் ரத்து செய்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. தேனி வழக்கைத் தொடுத்தவர் அந்தத் தொகுதியின் வாக்காளர் ஒருவர்.

தொகுதி வாக்காளர் யாரும் அப்படி வழக்குப் போடலாம். முடிவு வந்த 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும், செலவுக்குப் பிணையாக 2,000 ரூபாய் கட்ட வேண்டும்.