வால்வு மைக்குக்குள் என்ன நடக்கிறது?

ஒலிப்பதிவுக் கூடங்களில் வால்வு மைக்குக்கு, அதாவது வெற்றிடக் குழாயால் சமிக்ஞையைப் பெருக்கும் கண்டென்சர் மைக்குக்கு, தனி மரியாதை உண்டு. அதில் பாடினால் குரல் கதகதப்பாக ஒலிக்கும் என்பார்கள். ஆனால் மைக்குக்குள் முதன்முதலில் வால்வை வைத்தவர்கள் கதகதப்பைத் தேடி வைக்கவில்லை. வேறு வழி இல்லாததால் வைத்தார்கள்.

கண்டென்சர் மைக்கின் தலைப்பகுதியில், பொன் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று ஓர் உலோகத் தகட்டுக்கு எதிரே விறைப்பாகக் கட்டப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 60 வோல்ட் அழுத்தம். ஒலி பட்டுப் படலம் அதிரும்போது இடைவெளி மாறுகிறது. மின்னழுத்தமும் அதற்கேற்ப ஏறி இறங்குகிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இந்த அமைப்பின் மின்தேக்கத் திறன், அதாவது மின்னூட்டத்தைத் தாங்கும் அளவு, மிகச் சிறியது. 80 பைக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 20 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அதன் மின்மறிப்பு (மாறும் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) 100 மெகா ஓமைத் தொடுகிறது. ஒரு மீட்டர் மைக் கேபிளுக்கே ஏறக்குறைய அவ்வளவு மின்தேக்கத் திறன் உண்டு. நேராகக் கேபிளில் இணைத்தால் சமிக்ஞையின் பெரும்பகுதி வழியிலேயே தொலைந்துவிடும்.

ஆகவே, படலத்தை ஒட்டியே ஒரு பெருக்கி வேண்டும். அது படலத்திடமிருந்து மின்னோட்டத்தை உறிஞ்சவும் கூடாது. அன்று அதைச் செய்யக்கூடியது வால்வு மட்டுமே. வெற்றிடக் கண்ணாடிக் குமிழுக்குள் சூடேறிய கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி ஆனோடை நோக்கிப் பாய்கின்றன. நடுவில் உள்ள கம்பி வலையான கிரிட், வாய்க்கால் மடையைப்போல அந்தப் பாய்ச்சலைக் கட்டுப்படுத்துகிறது. படலம் தரும் சிறு அழுத்த மாற்றம் கிரிட்டை அடைந்தால் போதும், பெரிய ஓட்டமே அதன்படி ஆடும். பிறகு டிரான்ஸ்ஃபார்மர் மின்மறிப்பைக் குறைத்து, சமிக்ஞையை நீண்ட கேபிளுக்கு ஏற்றதாக்குகிறது.

ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் 1928இல் விற்பனைக்குக் கொண்டுவந்த சிஎம்வி 3 மைக் இப்படித்தான் இயங்கியது. 1949இல் வந்து பெரும்புகழ் பெற்ற யு 47க்குள் இருந்தது டெலிஃபுங்கனின் விஎஃப்14 வால்வு. அதன் உற்பத்தி நின்றபின் யு 47உம் நீடிக்கவில்லை. 1967இல் வந்த யு 87 வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டரில் ஓடியது.

தேவை தீர்ந்த பிறகும் வால்வு மறையவில்லை. உரத்த ஒலியில் அது இரண்டாம் சீரிசையை, அதாவது மூல சுரத்தின் மேல் ஸ்தாயியைச் சிறிதளவு சேர்க்கிறது. காதுக்கு அது செழுமையாகப் படுகிறது. ஆனாலும் சாதாரண ஒலியளவில் இந்த மாற்றம் மிகச் சொற்பம். கதகதப்பு என்று நாம் ரசிப்பதில் பெரும்பங்கு படலத்துக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் உரியது என்றே நான் கருதுகிறேன். மட்டமான படலத்தின் பின்னால் வால்வைப் பொருத்தி விற்கும் மலிவு மைக்குகளில் காது கூசுவதற்கு அதுவே காரணம்.

அமைதியான, எதிரொலி அடக்கிய அறையில் பாடகரின் தனிக்குரல், செல்லோ, சாக்ஸஃபோன் ஆகியவற்றுக்கு நல்ல வால்வு மைக் அருமையாகப் பொருந்தும். மெலிந்த குரலுக்கு உடல் தரும். வீணையைத் தள்ளி வைத்து மெல்லிய மீட்டலைப் பதிவதென்றால் டிரான்சிஸ்டர் மைக்கே மேல், ஏனெனில் வால்வின் சொந்த இரைச்சல் பொதுவாகச் சற்று அதிகம். மேடைக்கும் வெளிப்புறப் பதிவுக்கும் வால்வு வேண்டாம். தட்டினாலே அது ஒலியெழுப்பும்.

வால்வு மைக்குக்கெனத் தனி மின்வழங்கிப் பெட்டி உண்டு. பதிவுக்கு அரை மணி நேரம் முன்பே அதை இயக்கிச் சூடேற விடுங்கள்; அணைத்த பிறகே கேபிளைக் கழற்றுங்கள். கடலோர ஊர்களில் ஈரம் படிந்தால் அந்த உயர் மின்மறிப்புச் சுற்றில் மின்கசிவு ஏற்பட்டுப் படபடவென்று சத்தம் வரும். சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியில் வைத்தால் அந்தத் தொல்லை குறையும்.