சட்டைக் கையை விடாத பிள்ளைகள்

“நான் மெதுவாத்தான் தட்டினேன், இவன்தான் ஓங்கி அடிச்சான்.” அண்ணன் தம்பி இருக்கிற வீட்டில் இதைக் கேட்காத நாள் குறைவு. இரண்டு பேரில் ஒருவன் பொய் சொல்கிறான் என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுவோம். பல நேரம் இருவர் சொல்வதும் உண்மைதான்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2003இல் இதை அளந்து காட்டினார்கள். இரண்டு பேர், ஒருவர் விரலை மற்றவர் மாறி மாறி அழுத்த வேண்டும். உனக்கு எவ்வளவு அழுத்தம் வந்ததோ அதே அளவு திருப்பிக் கொடு, அவ்வளவுதான் கட்டளை. எதிரில் இருப்பவருக்கும் அதே கட்டளைதான் என்பது இருவருக்குமே தெரியாது. ஒவ்வொரு முறை திருப்பிக் கொடுக்கும்போதும் விசை சராசரியாக 38 சதவீதம் ஏறிக்கொண்டே போனது. அங்கே கோபமும் இல்லை, பகையும் இல்லை. வாங்கிய அளவைத்தான் கொடுத்தோம் என்று இருவருமே மனதார நம்பினார்கள்.

காரணம் மூளை போடும் ஒரு கணக்கு. நாம் கையை அசைக்கும்போது அதனால் என்ன உணர்வு வரும் என்று மூளை முன்கூட்டியே கணித்து, வரும் உணர்விலிருந்து அதைக் கழித்துவிடுகிறது. நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டால் சிரிப்பு வராததும் இதனால்தான். ஆக, கொடுக்கிற அடி நமக்குக் குறைவாகத் தெரியும், வாங்குகிற அடி முழுசாகத் தெரியும். “அடிக்காதேடா, பாவம்” என்று நூறு தடவை சொன்னாலும் இந்தக் கணக்கு மாறாது. தன் அளவுகோல் தவறு என்பது பிள்ளைக்கு உடம்பால் புரிய வேண்டும். நல்ல தற்காப்புக் கலைப் பயிற்சி வேலை செய்வது இந்த இடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஜூடோவை எடுத்துக்கொள்வோம். கானோ ஜிகோரோ 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோவிலில் இதைத் தொடங்கினார். அவர் கல்வித்துறைக்காரர். ஜப்பானின் பழைய சண்டைக் கலையான ஜூஜுட்சுவில் இருந்த ஆபத்தான உத்திகளைப் பயிற்சி ஆட்டத்திலிருந்து விலக்கி, முழு பலத்தோடு பழகினாலும் துணைக்கு இருப்பவர் பத்திரமாக வீடு திரும்புகிற மாதிரி முறைப்படுத்தினார். தானும் பிறரும் சேர்ந்து வளர்வதுதான் இதன் நோக்கம் என்று பிற்காலத்தில் எழுதியும் வைத்தார்.

புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதலில் எதிராளியைத் தூக்கி வீசக் கற்றுத் தர மாட்டார்கள், விழத்தான் கற்றுத் தருவார்கள். உகேமி என்று அதற்குப் பெயர். தாடையை நெஞ்சோடு ஒட்ட வைத்து, தலை தரையில் படாமல், கையை நீட்டி மெத்தையில் பளாரென்று அறைந்து விழ வேண்டும். விழும் வேகம் ஒரே இடத்தில் இறங்காமல் பரவிவிடும்.

அப்புறம்தான் வீசுவது. வீசுகிறவனுக்கு அங்கே ஒரு பொறுப்பு இருக்கிறது. எதிராளி காற்றில் இருக்கும்போது அவனுடைய சட்டைக் கையைப் பிடித்த பிடியை விடக் கூடாது. கடைசி நொடியில் அதை மேல்நோக்கி இழுத்துக் கொடுக்க வேண்டும். அந்த இழுப்பில்தான் விழுகிறவன் உடம்பு திரும்பி, முதுகு பதமாகப் படிந்து, தலை தப்புகிறது. தன் கையில் இருக்கும் இன்னொருவன் தலையைக் காப்பது இங்கே உத்தியின் பாகமாகவே இருக்கிறது. இழுக்காமல் விட்டால் வீச்சே சரியில்லை என்று மாஸ்டர் திரும்பச் செய்யச் சொல்வார்.

உடனே ஆள் மாறும். இப்போது வீசியவன் விழ வேண்டும். கொடுத்தபோது லேசாகத் தெரிந்தது வாங்கும்போது எவ்வளவு கனம் என்பது சில நொடிகளிலேயே முதுகுக்குத் தெரிந்துவிடும். ஒரு மாலையில் இப்படிப் பல தடவை நடக்கிறது. கீழே அமுக்கிப் பிடித்திருக்கும்போது அடியில் இருப்பவன் ‘போதும்’ என்பதற்கு அடையாளமாக இரண்டு தட்டுத் தட்டினால் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். ஏன், எதற்கு என்ற கேள்வியே கிடையாது.

ஆய்வுகளும் கிட்டத்தட்ட இதையே சொல்கின்றன, ஆனால் ஒரு நிபந்தனையோடு. 2004இல் லேக்ஸ், ஹாய்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பள்ளியில் சில வகுப்புகளுக்குக் கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவும் மற்ற வகுப்புகளுக்கு வழக்கமான உடற்பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். டேக்வாண்டோ பிள்ளைகள் தங்களையே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள்: நான் எங்கே இருக்கிறேன்? என்ன செய்துகொண்டிருக்கிறேன்? என்ன செய்ய வேண்டும்? மூன்று மாதத்தில் அவர்களுடைய சுயகட்டுப்பாடும் பிறரிடம் நடந்துகொள்ளும் விதமும் மேம்பட்டன. கை ஓங்குவதற்கு முன் இந்த மூன்றாவது கேள்வி நினைவுக்கு வந்தாலே பாதிச் சண்டை நின்றுவிடுமே!

நிபந்தனை இதுதான். 1980களில் ட்ரூல்சன் என்பவர் குற்றச் செயல்களில் சிக்கிய பதின்வயதுப் பையன்களிடம் ஒரு சிறிய சோதனை செய்தார். மரியாதை, தியானம் எல்லாம் சேர்ந்த பழைய முறை டேக்வாண்டோ கற்றவர்களிடம் முரட்டுத்தனம் குறைந்தது. சண்டை உத்தியை மட்டும் கற்றவர்களிடம் அது கூடியது. 2005இல் வெளிவந்த நார்வே ஆய்வும் குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்குதல், கிழக்கத்திய தற்காப்புக் கலைகள் ஆகியவற்றில் ஈடுபட்ட பையன்களிடம் அடாவடி நடத்தை அதிகரித்ததாகச் சொன்னது. “கராத்தே கத்துக்கிட்டா அடக்கம் வரும்” என்று கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கலையின் பெயர் எதற்கும் உத்தரவாதம் இல்லை.

ஜூடோ பிறந்த ஜப்பானிலேயே 2022இல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியத் தனிநபர் போட்டியை அந்நாட்டு ஜூடோ கூட்டமைப்பு நிறுத்திவிட்டது. ஜெயிப்பதே எல்லாம் என்ற வெறி பெற்றோரையும் பயிற்சியாளர்களையும் பிடித்துவிட்டது என்பதுதான் காரணம். பெரிய முடிவு அது. எனக்கு அதில் முழு உடன்பாடு.

பிள்ளையைச் சேர்க்கும் முன் ஒரு மாலை வகுப்பு ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெரிய பையன் சின்னவனோடு பழகும்போது வேகத்தைக் குறைக்கிறானா, தட்டியதும் பிடி விடுகிறதா, ஒருவன் அழுதால் மாஸ்டர் முதலில் யாரிடம் போகிறார் என்று கவனியுங்கள். பதக்கங்களைப் பிறகு எண்ணிக்கொள்ளலாம். மெத்தை இல்லாமல் சிமெண்ட் தரையில் வீசிப் பழகச் சொல்கிறார்கள் என்றால் மேற்கொண்டு பார்க்க எதுவும் இல்லை. பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.