வீடியோ கேசட்: ஒளிநாடாவா, ஒளிப்பேழையா?

'வீடியோ' என்ற லத்தீன் வினைக்கு 'நான் பார்க்கிறேன்' என்று பொருள். 'கேசட்' பிரெஞ்சுச் சொல். சின்னஞ்சிறு பெட்டி என்பதே அதன் பொருள், மூலம் லத்தீன் 'காப்சா'. தமிழில் ஒளிநாடா, ஒளிப்பேழை இரண்டும் வழங்குகின்றன. ஒளிப்பேழையே பொருத்தம். எழுத்தில் மட்டும் கவனம்: ளி, லி ஆகிவிட்டால் அது பாட்டு கேசட்!

நாடா 1956-லேயே வந்துவிட்டது. ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் அந்த இரண்டு அங்குல நாடா திறந்த சுருளாகத் தொலைக்காட்சி நிலையங்களுக்குள்ளேயே கிடந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது பெட்டிதான். 1975-இல் சோனியின் பீட்டாமேக்ஸ், 1976-இல் ஜேவிசியின் விஎச்எஸ் என இரண்டு போட்டிப் பெட்டிகள்.

இந்தப் பெட்டியால் தலைகீழாக மாறிய தொழில்களில் ஒன்று அமெரிக்காவின் வயதுவந்தோர் படத்துறை. 1970-களில் அது தியேட்டரை நம்பியிருந்தது. ஒன்றரை மணி நேரப் படத்துக்கு 35 மி.மீ. பிலிம் சுமார் 8,100 அடி வேண்டும். தியேட்டருக்குத் தியேட்டர் தனிப் பிரதி போட வேண்டும். அதே படம் அரை அங்குல நாடாவாகக் கைக்கடக்கமான பெட்டிக்குள் அடங்கியது. பார்ப்பவர் டிக்கெட் வரிசையில் முகம் காட்ட வேண்டியதில்லை. 1980-களின் நடுவில் படப்பிடிப்பே வீடியோவுக்கு மாறியது. பிலிம் கழுவும் செலவு இல்லை, எடுத்ததை உடனே போட்டுப் பார்க்கலாம். ஆனால் வெளிச்சம் தட்டையாக விழும், சிவப்பு நிறம் ஓரம் கசியும்.

விஎச்எஸ்ஸோடு போட்டியிட்ட பீட்டாமேக்ஸ் தோற்றது. இந்தப் படங்கள்தான் அதைக் கொன்றன என்பது மிகைக்கூற்று. அதிலும் அவை கிடைத்தன. தொடக்கத்தில் பீட்டாவில் ஒரு மணி நேரம், விஎச்எஸ்ஸில் இரண்டு. முழுப் படம் எதில் அடங்கும் என்பதே பெரிய கேள்வி.

பிரதி எடுப்பது பொறுமை கேட்கும் வேலை. 90 நிமிடப் படத்துக்கு 90 நிமிடம் ஓட வேண்டும். அதனால் ஒரே மூலத்தோடு நூற்றுக்கணக்கான ரெக்கார்டர்களை இணைத்தார்கள். பிரதியிலிருந்து பிரதி எடுத்தால் மூன்றாம் தலைமுறையில் படம் நடுங்கும், நிறம் வடியும். வாடகைக் கேசட்டுக்கு இன்னொரு நோய்: 'பாஸ்' போட்டால் டெக்கில் (கேசட்டை ஓட்டும் கருவியில்) சுழலும் தலை நாடாவின் ஒரே இடத்தைத் தேய்த்துப் பூச்சை உதிர்க்கும். அதனால் சில நிமிடத்தில் டெக் தானே நின்றுவிடும்படி அமைத்திருந்தார்கள். எந்தக் காட்சியில் அதிகம் நிறுத்தினார்கள் என்பதை வெள்ளைக் கோடுகளே காட்டிக்கொடுக்கும்.

'டெக்' நம் ஊர் வழக்கு. 'வாடகைக்கு டெக் எடுத்துப் படம் போட்டோம்' என்பார்கள். திரையில் தெரிவது காணொளி, அதைத் தாங்கும் பெட்டி ஒளிப்பேழை, உள்ளே ஓடுவது நாடா. டிவிடியை ஒளிப்பேழை என்று எழுதக் கூடாது; அது வட்டு.