காரணம் மறந்த சோகம்

“இந்த இரண்டு வாரமாக மனசு எப்படி இருக்கிறது?” மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்தவரிடம் கேட்டால், “நல்லா இருக்கேனே” என்பார். அது பொய்யில்லை. காலையில் அழுதது அவருக்கு நினைவில்லை.

சரி, நினைவு போனால் சோகமும் கூடவே போய்விடாதா? அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டிமென்ஷியாவுக்கு முக்கியக் காரணமான அல்சைமர் நோய் வந்த 17 பேருக்குச் சோகமான படக்காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். 2014இல் வெளியான ஆய்வு அது. என்ன பார்த்தோம் என்பது சில நிமிடங்களிலேயே மங்கிவிட்டது. துக்கம் மட்டும் அதன் பிறகும் நின்றது. அதிலும், படத்தை அதிகமாக மறந்தவர்களுக்குத்தான் அது நெடுநேரம் நீடித்தது. நடந்ததைப் பதிந்துவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸை அல்சைமர் ஆரம்பத்திலேயே அரித்துவிடுகிறது. ஆனால் உணர்ச்சி அந்த ஒரு பகுதியை மட்டும் நம்பி இல்லை. காரணம் தெரிந்த துக்கத்துக்கு ஆறுதல் சொல்லலாம். காரணம் தெரியாததற்கு என்ன சொல்வது?

அதனால்தான் டிமென்ஷியாவில் மனச்சோர்வை அளக்க 1988இல் வந்த கார்னெல் அளவுகோல் நோயாளியை மட்டும் கேட்பதில்லை. கூட இருந்து பார்த்துக்கொள்பவரையும் கேட்கிறது. சாப்பாடு குறைந்ததா, விடியுமுன்பே விழித்துக்கொள்கிறாரா, எரிந்து விழுகிறாரா என்று மொத்தம் 19 அம்சங்கள். மகளோ மருமகளோ கவனித்தது இங்கே மருத்துவச் சான்றாகிறது.

அவர்களும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. டிமென்ஷியாவில் வரும் ஆர்வமின்மை, மனச்சோர்வு போலவே தெரியும். எதிலும் நாட்டமில்லாமல் உட்கார்ந்திருப்பவர் அதற்காக வருந்தாமலும் இருக்கலாம். அழுகை, குற்றவுணர்ச்சி, ‘நான் உங்களுக்குப் பாரம்’ என்ற பேச்சு இருந்தால் மனச்சோர்வைச் சந்தேகிக்க வேண்டும்.

மாத்திரை? இங்கிலாந்தில் டிமென்ஷியாவோடு மனச்சோர்வும் இருந்த 326 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, செர்ட்ராலின், மிர்டாசபின் என்ற இரண்டு மனச்சோர்வு மருந்துகள், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2011இல் முடிவு வந்தது. 13 வாரத்தில் மூன்று குழுக்களுமே தேறியிருந்தன, கிட்டத்தட்ட ஒரே அளவில். பக்கவிளைவு மட்டும் மருந்து எடுத்தவர்களுக்கு அதிகம். அடிக்கடி ஒருவர் வந்து விசாரித்ததே வேலை செய்திருக்குமோ என்பது என் ஊகம்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தற்கொலை ஆபத்து உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை.