அப்டேட் வந்த டெப், லெப்டொப்பின் வேலையைச் செய்யுமா?

உயர்தரப் பெறுபேறு வெளியாகி, பல்கலைக்கழக அனுமதியும் கிடைக்கும் காலத்தில், ஹட்டனில் கணினி திருத்திக்கொண்டும் கற்பித்துக்கொண்டும் இருக்கும் எங்களிடம் பெற்றோர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "சேர், பிள்ளைக்கு லெப்டொப் வாங்குவதா, டெப் வாங்குவதா? புதிய அப்டேட்டில் டெப்பும் கம்பியூட்டர் ஆகிவிட்டது என்று கடையில் சொல்கிறார்களே?"

அவர்கள் கையில் இருப்பது கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன் அனுப்பிய பணமாக இருக்கும். இல்லையென்றால் சீட்டுப் பணம், அடகு வைத்த நகைப் பணம். தவறிப்போனால் இன்னொன்று வாங்க வழியில்லை. அதனால் இந்தக் கேள்விக்கு "ஆம்" அல்லது "இல்லை" என்று ஒற்றைச் சொல்லில் பதில் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

கடைக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2010இல் அப்பிள் நிறுவனத்தின் டெப்பான ஐபேட் வந்தபோது, அது கைத்தொலைபேசிக்கும் மடிக்கணினிக்கும் நடுவில் உள்ள சாதனம் என்றுதான் ஸ்டீவ் ஜொப்ஸ் அறிமுகப்படுத்தினார். ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் திரையில் தெரியும். 2015இல் இரண்டை அருகருகே வைக்க முடிந்தது. 2019இல் ஐபேட்ஓஎஸ் என்ற தனி இயங்குதளம் பிரிந்தது, பென்டிரைவைச் செருகிக் கோப்புகளைத் திறக்கலாம் என்றானது. அடுத்த ஆண்டு மார்ச்சில் மவுஸ் முறையாக வேலை செய்யத் தொடங்கியது. 2025 செப்டம்பரில் வந்த ஐபேட்ஓஎஸ் 26 இவற்றையெல்லாம் தாண்டிய பெரிய மாற்றம். சாளரங்களை விரும்பிய அளவுக்கு இழுத்து ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கலாம். மூடவும் சுருக்கவும் பெரிதாக்கவும் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பொத்தான்கள் உண்டு, மேலே மெனுப் பட்டியும் உண்டு. எந்தக் கோப்பை எந்தச் செயலி திறக்க வேண்டும் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். விலை கூடிய மொடல்களுக்கு மட்டுமல்லாமல், 2020இல் வந்த எட்டாம் தலைமுறைச் சாதாரண ஐபேட்டுக்கும் இந்தச் சாளர வசதி கிடைத்ததை நான் மனதார வரவேற்கிறேன்.

அன்ட்ரொயிட் பக்கத்தில் சம்சுங் இதை முன்பே தொடங்கிவிட்டது. திரையைக் கணினித் திரை போல மாற்றும் டெக்ஸ் என்ற வசதி 2017இல் தொலைபேசிக்கு வந்தது, 2018இல் டெப் எஸ்4 மூலம் டெப்புக்கும் வந்தது. பெரிய திரைகளுக்கென்று கூகுள் 2022இல் அன்ட்ரொயிட் 12எல் பதிப்பை வெளியிட்டது.

இப்படி மாறியவற்றில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியும் விடயங்கள். எந்த மென்பொருளை நிறுவலாம், அது எவ்வளவு முழுமையாக இயங்கும் என்பதில் அதே அளவு மாற்றம் வரவில்லை. எங்கள் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சிக்கிக்கொள்வது அங்கேதான்.

பாமினியை எடுத்துக்கொள்ளுங்கள். மலையகப் பாடசாலைகளில் புழங்கும் பழைய வினாத்தாள்கள், சங்கக் கடிதங்கள், கோயில் திருவிழா அழைப்பிதழ்கள் ஆகியவற்றில் பெரும் பகுதி இன்னும் பாமினி எழுத்துருவில்தான் இருக்கிறது. பாமினி, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோட் அல்ல. கோப்பில் உண்மையில் பதிவாகியிருப்பவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளி போன்ற குறிகளும். அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். விண்டோஸ் கணினியில் எழுத்துருக் கோப்பை இருமுறை சொடுக்கி நிறுவினால் வேலை முடிந்தது. ஐபேட்டில் அதற்கென்று ஒரு செயலியை இறக்கி, அதன் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். மலிவான அன்ட்ரொயிட் டெப்பில் வேர்ட் செயலிக்குள் பாமினியைக் கொண்டுவர எளிய வழி இல்லை. யுனிகோட்டுக்கு மாற்றித் தரும் இணையத்தளங்கள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அட்டவணையும் கணிதக் குறியும் கலந்த வினாத்தாளை அப்படி மாற்றிப் பார்த்த ஆசிரியரைக் கேளுங்கள், எத்தனை இரவு வேலை அது என்று சொல்வார். பாமினி விசை ஒழுங்கில் விரல் பழகியவர்களுக்கு டெப்பின் தமிழ் விசைப்பலகை புதிதாகக் கற்க வேண்டிய ஒன்று. நாங்கள் எல்லோரும் யுனிகோட்டுக்கு மாற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் நாளைக் காலை வினாத்தாள் அச்சடிக்க வேண்டியவருக்கு அந்தக் கருத்து உதவாது.

வேர்டிலும் எக்செலிலும் இன்னொரு சிக்கல் உண்டு. பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பவை வேறு. திரை 10.1 அங்குலத்துக்கு மேல் இருந்தால், டெப்பில் வேர்ட் கோப்பைத் திருத்துவதற்கு மைக்ரோசொப்டுக்குச் சந்தா கட்ட வேண்டும். பெரிய திரைதான் நல்லது என்று வாங்கியவர்களுக்கு இது வீட்டுக்குப் போன பின்தான் தெரிகிறது. பல வேலைகளைத் தானாகச் செய்துமுடிக்கும் சிறு நிரல்களான மெக்ரோக்கள் ஐபேட் எக்செலில் இயங்குவதில்லை. மெக்ரோ போட்டு எழுதிய சம்பளப் பட்டியலோ புள்ளிப் பட்டியலோ அதில் திறக்கும், ஆனால் பொத்தானை அழுத்தினால் எதுவும் நடக்காது. ஒரே சான்றிதழில் நூறு மாணவர்களின் பெயரை இட்டு அச்சடிக்கும் மெயில் மேர்ஜ் ஐபேட் வேர்டில் இல்லை. தரவுத்தளம் பழகும் மைக்ரோசொப்ட் அக்சஸ் விண்டோஸில் மட்டுமே ஓடும்.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் எடுக்கும் பிள்ளைக்குப் பைதன், பிஎச்பி என்ற நிரல் மொழிகளும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளும் பாடத்தில் வருகின்றன. பைதனை டெப்பிலேயே தாராளமாகப் பழகலாம், அதற்கு நல்ல செயலிகள் இருக்கின்றன. மைஎஸ்கியூஎல் சேவையகத்தை ஐபேட்டில் நிறுவி, பிஎச்பியோடு இணைத்துப் பார்ப்பது நடக்காது. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கோ ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்கோ போகும் பிள்ளை, வரைபடம் வரையும் ஓட்டோகேட்டின் முழு வடிவத்தையோ புள்ளிவிவரம் ஆராயும் எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளையோ பயன்படுத்த நேர்ந்தால் டெப் கைகொடுக்காது. எந்தப் பீடம், எந்தப் பாடம் என்பதைக் கேட்காமல் சாதனத்தைப் பரிந்துரைப்பவரின் பேச்சை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள்.

அச்சிடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வைஃபை உள்ள புதிய பிரிண்டர் என்றால் டெப்பிலிருந்து அச்சிடலாம். அலுவலகங்களில் உள்ள பழைய, வயரில் மட்டும் இணையும் பிரிண்டர்கள் ஐபேட்டோடு பேசுவதில்லை. கடைசியில் கொமியூனிகேஷன் கடைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. அப்டேட்டைப் பற்றி நாங்கள் கேள்விப்படும் செய்திகளில் பெரும்பாலானவை எங்கள் கையில் இருக்கும் டெப்பைப் பற்றியவை அல்ல. சம்சுங் தன் டெப் எஸ்10 வரிசைக்கு ஏழு ஆண்டுகள் அப்டேட் தருவதாக அறிவித்திருக்கிறது, ஆனால் அது விலை கூடிய வரிசை. பெயர் தெரியாத மலிவு டெப்புகளில் பல, வாங்கிய நாளில் இருந்த அன்ட்ரொயிட் பதிப்போடேயே ஆயுளை முடித்துக்கொள்கின்றன. 2019இல் வந்த ஏழாம் தலைமுறை ஐபேட்டுக்கு ஐபேட்ஓஎஸ் 26 கிடைக்காது. பழைய ஐபேட் ஒன்றைக் கைமாறி வாங்குபவர், அமைப்புகளில் மொடலின் தலைமுறையைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. அப்டேட் கிடைக்கும் சாதனமாகவே இருந்தாலும், அது பல ஜிபி அளவுள்ளது. பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் உள்ளே தள்ளியிருக்கும் தோட்டங்களில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்க, டேட்டா கார்ட் போட்டு அதை இறக்குவது எளிதல்ல. 32 ஜிபி சேமிப்புள்ள டெப்பில், படங்களை அழித்தால்தான் அதற்கு இடமே கிடைக்கும்.

இவ்வளவு சொன்னதால் நான் டெப்புக்கு எதிரானவன் என்று நினைக்க வேண்டாம். 2022இல் ஒரு கட்டத்தில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது, மேசைக் கணினி வைத்திருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க, டெப் வைத்திருந்த பிள்ளைகள் படித்தார்கள். லயத்து வீட்டில் மேசை போட இடம் இருப்பதில்லை. மடியில் வைத்துக் கடந்தகால வினாத்தாளைப் பார்க்கவும், ஒன்லைன் வகுப்பில் சேரவும், பேனாவால் குறிப்பெழுதவும் டெப்பைவிட நல்ல கருவி இல்லை. சாதாரண தரம் வரையுள்ள பிள்ளைக்கு வாசிப்பும் வகுப்பும்தான் தேவை என்றால் நானே டெப்பைத்தான் சொல்வேன்.

கணினியாகவும் பயன்படுத்தும் எண்ணத்தில் வாங்கினால் விலையைக் கூட்டிப் பாருங்கள். விசைப்பலகை உறை, மவுஸ், பென்டிரைவ் செருகும் இணைப்பான், கூடுதல் சேமிப்பு எல்லாம் சேர்ந்தால் ஒரு நல்ல லெப்டொப்பின் விலையை எட்டிவிடும். வாங்கும் முன், பிள்ளை உண்மையில் செய்யும் வேலையை ஒரு பென்டிரைவில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஒரு பாமினிக் கோப்பு, ஒரு எக்செல் பட்டியல், ஒரு பவர்பொயின்ட் போதும். அங்கேயே திறந்து, திருத்தி, சேமித்துக் காட்டச் சொல்லுங்கள். "அடுத்த அப்டேட்டில் வந்துவிடும்" என்று பதில் வந்தால், அந்த அப்டேட் வந்த பிறகு வாங்கலாம்.

பாவித்த லெப்டொப் பக்கம் திரும்புகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் வழங்கிய வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. இன்டெல் சில்லு எட்டாம் தலைமுறைக்கு முந்தையது என்றால், மிகச் சில மொடல்களைத் தவிர மற்றவற்றில் விண்டோஸ் 11ஐ முறைப்படி நிறுவ முடியாது. விற்பவர் எப்படியோ நிறுவிக் கொடுத்திருந்தாலும், அப்டேட்டுகள் தொடர்ந்து வரும் என்ற உத்தரவாதம் அதற்கு இல்லை. சில்லின் பெயரில் ஐ3, ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண் 8இலோ 9இலோ தொடங்குகிறதா என்று பாருங்கள். 10, 11 என்று தொடங்கினால் இன்னும் நல்லது. 6 அல்லது 7இல் தொடங்கும் லெப்டொப் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதை எறிய வேண்டாம். வன்தட்டுக்குப் பதிலாக வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியைப் பொருத்தி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால், பைதன், பிஎச்பி, மைஎஸ்கியூஎல் மூன்றும் அதில் ஒரு ரூபாய் செலவில்லாமல் ஓடும், பாமினி எழுத்துருவையும் நிறுவிக்கொள்ளலாம்.